வக்கீல் பாய்க்குச் சம்மதமா?

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

மதிப்புக்குரிய வக்கீல் ஷஹாபுதீன் பாய் அவர்களுக்கு,

சின்னப்பாப்பா வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் என் வாயும் சுகமாக இருக்கிறோம். உங்கள் வீட்டில் ஷரீபா அக்காவுக்கு டயாலிசிஸ் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தது நல்லது. மெட்ராஸ் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? தலையில் மிச்சமிருந்த நாலு முடியாவது பத்திரமா?

போனில்தான் பேச நினைத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் கிண்டல் செய்துவிட்டு வைத்துவிடுவேன், சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

கம்பெனியில் எங்கள் ஒன்பது பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது ஷிப்டு முடிந்து வீடு சேர இருந்த வேனை நிறுத்தினார்கள். வேன் வந்தால்தான் பேக்கிங்கைத் தொடுவோம் என்று உட்கார்ந்தோம். மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. எங்களில் ஜெயம் இப்போது உப்பளம் ஏரியாவில் வீட்டு வேலை செய்கிறாள். உங்களைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தோம். அக்கா உடம்பை நினைத்து விட்டுவிட்டோம்.

போன வாரம் லேபர் கோர்ட்டுக்குப் போனால், கம்பெனி வக்கீல் என்று உங்கள் பெயரைப் படிக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். “எங்க பாய் பேர அந்தப் பக்கம் எழுதிட்டாங்கடி, இந்த குமாஸ்தாவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க” என்றேன். கூப்பிடாமலேயே பாய் நமக்காக வந்துவிட்டார் என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ குடித்து முடித்த பிறகுதான் யூனியன் தேவதாஸ் அண்ணன், கம்பெனி கொடுத்த வக்காலத்துத் தாளில் உங்கள் கையெழுத்தைக் காட்டினார். மெட்ராசில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வக்கீல் ஆபீசுதான் கம்பெனி கேசை நடத்துகிறதாம். நாங்கள் என்று தெரிந்துதான் போட்டீர்களா? அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கோபமில்லை பாய். இருபத்தாறு வருஷம் எங்களைப் போன்றவர்களுக்கு வாதாடி நீங்கள் சேர்த்தது, வெளுத்துப்போன கறுப்புக் கோட்டும், ஃபீசுக்குப் பதிலாக நாங்கள் கொண்டுவந்து போட்ட கருவாடும்தான். கருவாட்டைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுப்பார்களா?

லேபர் கோர்ட்டில் ஒரு பக்கத்து வக்கீல் பேச எதிர்ப்பக்கம் சம்மதிக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முதல் கேசில் கம்பெனி உங்களை வேண்டாம் என்றதே. நீங்கள் வெளியே நின்றுகொண்டு, பேச வேண்டியதை ஒவ்வொன்றாக என் காதில் போட்டு உள்ளே அனுப்பினீர்கள். நான் பயத்தில் ஜட்ஜையே “இன்னாம்மா” என்று கூப்பிட்டுவிட்டேன். ஆனாலும் வேலை திரும்பக் கிடைத்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்பார்கள். “பாய் உள்ள வந்தார்னா நாம காலி. வேணாம்னு சொல்லிடு” என்கிறார் தேவதாஸ் அண்ணன். ஜெயம் மட்டும், “நாம வேணாம்னா, அந்த ஆபீசுலயும் அவர வேணாம்னுட்டா? ஷரீபா அக்கா கதி இன்னாக்கா?” என்றாள். கடைசியில், “உனக்குத்தான் பாய் பழக்கம், நீயே சொல்லிடு” என்று எட்டுப் பேரும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து இதே யோசனைதான். ஆனால் முடிவு செய்துவிட்டேன். வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒன்பது வீட்டு அடுப்பு, பாய்.

அதனால் ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது காரணம் சொல்லுங்கள். காரணம் சொல்ல உங்களுக்கா வராது! வேறு கேஸ் கேட்டு வாங்கிக்கொண்டால் உங்கள் வேலைக்கும் பங்கம் வராது. முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து வேண்டாம் என்பது எனக்குச் சுலபம். நீங்கள் வந்து நின்றால் என் வாய் முதலில் “வாங்க பாய்” என்றுதான் சொல்லும். அதே வாயால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும். சொல்லியும் விடுவேன்.

அக்கா எழுந்து நடமாட வேண்டும் என்று வில்லியனூர் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அல்லா உங்கள் இரண்டு பேரையும் நன்றாக வைக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீர்கள், பாய்.

என்றும் உங்கள் கட்சிக்காரி,
சின்னப்பாப்பா