அரை டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோ

ஞாயிறு இரவு.

பீங்கான் கம்பெனி பக்கத்து கிரவுண்டில் இன்று கால்பந்து மேட்ச். மகள் யாழினிக்கு அரை டிக்கெட் கேட்டேன். டிக்கெட் கொடுத்த கிளப் ஆள் வயதைச் சரிபார்க்க அவளுடைய ஆதாரைக் கேட்டான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் அதைச் செல்லில் போட்டோ எடுத்தான். என் நம்பரையும் வாங்கிக்கொண்டான்.

"போட்டோ எதுக்குங்க?"

"சும்மாதாங்க்கா. அப்புறம் அழிச்சிடுவோம்."

சும்மா எவன் போட்டோ எடுப்பான்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "யாழினி அம்மாங்களா? பாப்பாவுக்கு அடுத்த மாசம் பொறந்தநாள் வருதுல்ல? எங்க டியூஷன்ல சேத்துவுடுங்க."

கட் செய்துவிட்டேன்.

அடுத்த மேட்சுக்கும் போகணுமாம் யாழினிக்கு. போகலாம். இனி அவளுக்கும் முழு டிக்கெட்தான். முழு டிக்கெட் வாங்குகிறவர்களிடம் எவனும் எதையும் கேட்பதில்லை.