மாவடிப்பட்டிக்குச் சிவப்புக் கோடு

7 ஆகஸ்ட் 2008, வியாழன்
மலைக்கு மருத்துவ ஜீப் விடும் நிறுவனத்தார் கொல்லிமலைக்கென இணையத்தில் ஒரு வரைபடம் செய்திருக்கிறார்கள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா, பார்ப்பவருக்குப் புரிகிறதா என்று சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஊர்ப் பெயரை அடித்தால் போகும் ரோடு சிவப்புக் கோடாக விரிகிறது. அழகுதான். இங்கே அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியின் இணைய இணைப்பில்தான் படம் துண்டு துண்டாக வருகிறது.

12 ஆகஸ்ட்
மலைக்காரர்கள் ஐந்து பேருக்குக் காட்டினேன். மிளகு விற்க வந்திருந்த மாவடிப்பட்டி சென்னம்மாள் தன் ஊருக்குப் போகும் கோட்டைப் பார்த்ததும், “ஏனுங்க, இது ரோடு இல்லீங்களே. ஓடையோட நின்னு போவுது. அப்பறம் நடைதானுங்க. வண்டின்னா மேக்கால சுத்தித்தான் வரோணும்” என்றார். குறித்துக்கொண்டேன்.

14 ஆகஸ்ட்
வரைபடம் செய்த கலைமணி போனில், “ஒருத்தங்க சொன்னதுக்கு மாத்த முடியுங்களா? திங்கக்கிழமை திறப்பு விழா. அப்பறம் பாத்துக்கலாங்க” என்றார். சென்னம்மாள் சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் ‘பிற கருத்துகள்’ என்று ஒரு வரியாகப் போட்டேன். எழுத்தளவு, நிறம், வேகம் பற்றி நான்கு பக்கம். செயல்பாடு: நன்று.

18 ஆகஸ்ட்
திறப்பு விழா. எனக்கும் ஒரு சால்வை.

23 அக்டோபர்
சென்னம்மாளின் மருமகள் கண்ணாயிக்கு நேற்று எட்டாம் மாதத்திலேயே வலி. ஜீப் டிரைவர் புதியவர். வரைபடத்தைப் பார்த்து ஆபீசில் வழி சொல்லியிருக்கிறார்கள். ஓடையில் ஜீப் சிக்கிவிட்டது. மீட்டு, மேற்கே சுற்றிப் போய்ச் சேர மூன்று மணி நேரம். கண்ணாயி பிழைத்தாள். குழந்தை இல்லை.
நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா? டாக்டருக்கே தெரியவில்லை. அந்த வரிய நான் ஏன் முதல் பக்கத்துல போடல? யாரு தடுத்தா என்னை? கலைமணி சொன்னாருன்னு — அறிக்கை என்னோடதுதானே.

24 அக்டோபர்
கலைமணி கோட்டைத் திருத்திவிட்டார். ஐந்து நிமிட வேலையாம்.

2 நவம்பர், ஞாயிறு
மாவடிப்பட்டி போனேன். நான் செய்ததைச் சென்னம்மாளிடம் மறைக்காமல் சொன்னேன். “நான் அன்னைக்கே சொன்னனே, சாயிரா கண்ணு” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. கண்ணாயி வெளியே வரவில்லை.

10 செப்டம்பர் 2009
சென்னம்மாள் வந்தார். கண்ணாயிக்கு இப்போது ஏழாம் மாதம். திருத்திய வழியைக் காட்டப் போனேன். அவர் திரையைப் பார்க்கவில்லை.
“அது கெடக்கட்டும் கண்ணு. மழைக்கு முன்ன அவளக் கீழ கொண்டாந்து வெச்சுக்கோணும். இங்க ஒரு ரூம் கெடைக்குமா?”
“எங்க ஊட்டு மாடி சும்மாத்தாங்க இருக்குது.”
“படி எப்படி?”
“பதினாலு படிங்க. செங்குத்து. கைப்பிடியும் இல்லீங்க.”
“மாசமா இருக்கறவளுக்கு அது ஆவாதே.”
“ஆவாதுங்க” என்றேன்.
சாயங்காலம் என் கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டு, கீழ் அறையைக் கழுவிவிட்டேன்.