பேசாமல் இருந்த பதினோரு நாள்

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
28-11-1982, ஞாயிறு

அன்பு மகன் ஆரோக்கியதாசுக்கு அப்பா ஆசீரோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை இசபெல்லாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே பிலாயில் நீயும் மருமகளும் பேரன் சூசையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் உங்கள் மூவர் பேரையும் சொல்லித்தான் மண்டியிடுகிறேன். மழை இந்த வருடம் ஐப்பசி முழுக்க விடவில்லை, பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து இரண்டு நாள் பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் சொன்ன பேச்சுக் கேட்காமல் ஈரத்தில் நின்று துணி துவைக்கிறாள். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கிறிஸ்துமஸ் பூசைக்குத்தான் போர்த்துவேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், அவளுக்கென்று தனியாக ஒரு வரி எழுது.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை தாளைக் கிழித்துப் போட்டேன், அதனால்தான் தாமதம், வேறு ஒன்றும் நினைக்காதே. சூசை இரண்டாம் வகுப்புக் காலாண்டில் பத்தொன்பதாம் ராங்க் வாங்கிவிட்டான் என்றும், நான் அவனை அடிக்கவுமில்லை திட்டவுமில்லை, நீங்கள் என்னை வளர்த்த மாதிரியே அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன், ஐந்து நாளாகிறது, அப்படி இருந்தால்தான் ரோசம் வரும், எனக்கு வந்ததே என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நான் அதை ஆபீசுக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் படித்துக் காட்டிப் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் அதற்குள் நம் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். இப்போது இசபெல்லாவிடமே அண்ணனுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். சூசைக்காக எழுதுங்கப்பா என்றாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அக்டோபர் கடைசி வாரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது வீரம்மாள் டீச்சரைப் பார்த்தேன். கன்னிவாடிக்காரர், போன வருடம்தான் இசபெல்லா பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராக வந்தவர். வணக்கம் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, "சார், தப்பா நெனைக்காதீங்க, பாப்பா கணக்குல பதினேழு வாங்கியிருக்கு, ராங்க் கார்டுல நீங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க, ஒரு தடவ வந்து என்னான்னு கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றார். நான் எந்த ராங்க் கார்டிலும் கையெழுத்துப் போடவில்லை தம்பி. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை, வேலை அதிகம்மா, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் கோவிலில் பாட்டுப் பழகப் போயிருந்தாள். பையைத் திறந்து கார்டை எடுத்துப் பார்த்தேன். என் பெயர், என் எழுத்து, கடைசி மியின் வாலைக்கூட நான் இழுக்கிற மாதிரியே இழுத்திருந்தாள். ஒரு பழைய நோட்டின் கடைசி நாலு பக்கம் முழுக்க இருதயசாமி இருதயசாமி என்று எழுதிப் பழகியிருந்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து நடக்கிறது, இரண்டு வருடம். நான் யார்? வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படிக்கிற போர்டிங் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்கு. இருநூறு பிள்ளைகளின் ராங்க் கார்டைக் கவரில் போட்டு மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் ஆப்பிரிக்காவுக்கும் விலாசம் எழுதி அனுப்புகிறவன். என் சொந்தப் பிள்ளையிடம் மார்க் எப்படி என்று நின்றுகொண்டே கேட்பேன், பரவாயில்லப்பா என்பாள், அத்தோடு சரி.

அன்றைக்கு அவள் வந்ததும் கார்டை மேசைமேல் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குத்தான் தெரியுமே என் வழி. அவள் பக்கத்தில் வந்து நின்றாள், அப்பா என்றாள், நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். இப்படி மூன்று நாள். நாலாம் நாள் மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து என் ஆபீசுக்கு ஆள் வந்து, பிள்ளை இன்றைக்கு வகுப்புக்கு வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். காலையில் சீருடை போட்டுக்கொண்டு பையோடு போனவள்! முதலில் ஏரிப்பக்கம்தான் ஓடினேன், ஏன் அங்கே ஓடினேன் என்று உனக்குப் புரியும், அதை எழுத எனக்கு இன்னமும் கை வரவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் வேலுச்சாமி கண்டக்டர்தான் சொன்னார், "பாப்பா காலைல பஸ்ல கூக்காலுக்குப் போச்சுங்க சார், சித்தி வீட்டுக்குன்னு சொல்லுச்சு. லீவு போலன்னு நெனச்சேன்."

அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். தெரசம்மாள் இந்த முப்பத்திரண்டு வருடத்தில் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னாள். "நீங்க ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட அதுக அழுது தீத்துருக்கும். இப்படி வாயப் பூட்டிக்கிட்டு உக்காந்தா பிள்ளைக எங்க போயி முட்டும்? ஆரோக்கியம் எட்டாவது படிக்கையில நாலாம் ராங்க் வாங்குனான்னு பதினோரு நாள் பேசாம இருந்தீங்க. அந்தப் பதினோரு நாளும் வெள்ளனே எந்திருச்சு உங்க செருப்பத் தொடச்சு வாசல்ல வச்சானே, அதாச்சும் தெரியுமா உங்களுக்கு? செருப்பப் பாத்தாவது ஒரு வார்த்த கேப்பாரான்னு கதவுக்குப் பின்னால நிப்பான்." எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது. அம்மா துடைத்து வைக்கிறாள் என்றே நினைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த நேரத்துக்குப் பஸ் இல்லாததால் முட்டைக்கோஸ் ஏற்றப் போன லாரியில் பூம்பாறை வரை போய், அங்கிருந்து ஒரு ஜீப்பில் கூக்கால் போய்ச் சேர்ந்தேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சித்தி சகாயராணி வீட்டில் யாரும் இல்லை, ஏரிக்கு மேலே உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இருந்தார்கள். சீருடைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் கூடையோடு இசபெல்லா வரப்பில் ஏறி வந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வந்தாள். என்னைப் பெற்றவள் பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூடை தூக்கித்தான் செத்தாள். மிஷன் சாமியார் கையைப் பிடித்து என்னை எட்டாவது வரை படிக்க வைக்காவிட்டால் எனக்கும் அந்தக் கூடைதான். நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது படிப்பினால்தான். என் பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தால் எனக்கு வந்தது கோபம் என்றே இத்தனை நாள் நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். பயம்தான் தம்பி, அந்தக் கூடையைப் பார்த்த பயம். பயந்தவன் பயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நான் படிக்கலப்பா. இங்ஙனயே சித்தியோட சோலி பாத்துக்கிறேன். நீங்க பேசாம இருக்கதப் பாத்துக்கிட்டு அந்த வீட்ல என்னால இருக்க முடியாது" என்றாள். என்ன பதில் சொல்வதென்று லாரியில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் நினைவில்லை. சாப்பிட்டியாம்மா என்றுதான் வாயில் வந்தது. அவ்வளவுதான், அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், சகாயராணி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அப்புறம்தான் கேட்டேன், கணக்கு எப்போதிருந்தும்மா புரியவில்லை என்று. உடனே சொன்னாள், எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ: "ஆறாவதுல மஞ்சக்காமாலையில ஒரு மாசம் படுத்துருந்தேன்ல, அப்பத்தான் பின்னம் நடத்துனாங்க. திரும்பப் போனா எல்லாரும் போட்டாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் வெளங்கல. அண்ணன் எப்பவும் கணக்குல நூறுதான்னு சொல்வீங்க, ஒங்ககிட்ட எப்பிடி வந்து கேக்க? ஏழாவதுல முப்பத்தஞ்சு வாங்குனதுக்கே நாலு நாள் பேசல." யோசித்துப் பார் ஆரோக்கியம். ஒரு மாதப் படுக்கை, நடத்தாமல் விட்ட ஒரு பாடம், அவ்வளவுதான் விஷயம். ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். மூன்று வருடம் அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போனேன். அப்பா கையெழுத்தை நானேதான் போட்டேன் என்று தலைமை சிஸ்டரிடம் அவளே தன் வாயால் சொன்னாள். சிஸ்டர் மூன்று நாள் வகுப்புக்கு வரக்கூடாது, மன்னிப்பு எழுதித் தர வேண்டும் என்றார். சரியான தண்டனைதான், நான் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவள் எழுதும்போது நானும் ஒரு தாள் வாங்கி, இரண்டு வருடமாக என் மகள் ராங்க் கார்டை நான் கேட்டுப் பார்க்கவில்லை, அது என் குற்றம் என்று எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு மேசைக்குள் வைத்துக்கொண்டார். வீரம்மாள் டீச்சர்தான் வழி சொன்னார், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள், ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், சொல்லித்தராவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அடுப்படியில் குளிருக்கு அண்டி நானும் அவளும் உட்காருகிறோம். எனக்கும் பின்னம் மறந்துவிட்டது. முக்காலையும் அரையையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஆறில் நாலு என்று போட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அப்பா, முக்காலோட அரையச் சேத்தா ஒண்ணத் தாண்டணும்ல? நீங்க போட்டது முக்காலவிடக் கொறஞ்சு போச்சே!" என்று சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று எனக்குக் கணக்கே தெரியவில்லை. அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் கேலி செய்கிறாள். போன வாரம் நடந்த பரீட்சையில் முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். நீ நூறு வாங்கிய வீடுதான் இது, ஆனாலும் சொல்கிறேன், அந்தத் தாளை அவளே கொண்டுவந்து என் மடியில் வைத்தபோது எனக்கு இருந்த சந்தோசம் உன் நூறுக்குக்கூட இருந்ததில்லை. எந்தக் கணக்கும்மா வரலை என்று கேட்டேன், இரண்டைக் காட்டினாள், உட்கார்ந்து போட்டோம்.

எங்கள் ஆபீசுக்கு அசாமில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற ஒரு தகப்பனாரிடமிருந்து மாதா மாதம் கடிதம் வரும். மற்றவர்கள் எல்லாம் ஏன் முதல் ராங்க் இல்லை என்று எழுதுவார்கள். இவர் மட்டும் என் மகனுக்கு இப்போது எந்தப் பாடம் பிடிக்கிறது, யாரோடு விளையாடுகிறான், குளிக்க வெந்நீர் கிடைக்கிறதா என்று கேட்பார். இவருக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று நான் முன்னெல்லாம் சிரிப்பேன். இப்போது அந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நல்ல பள்ளிக்கூடம், நல்ல டியூஷன், புதுப் புத்தகம் எல்லாம் வாங்கிக் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, படிப்பில்லாமல் நம் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது. ஆனால் புரியவில்லை என்று பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்கிற இடம் வீட்டில் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் எல்லாம் என்ன செய்யும்?

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. நீ அடுத்த பரீட்சையிலேயே முதல் ராங்க் வாங்கினாய், நான் பேசாமல் இருந்ததால்தான் வாங்கினாய் என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். நீயும் அப்படியே நம்பி எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை ஐயா. நீ கெட்டிக்காரன், உழைத்தாய், வாங்கினாய். நான் பேசியிருந்தாலும் வாங்கியிருப்பாய். அந்தப் பதினோரு நாளில் உனக்கு நான் தந்தது படிப்பு இல்லை. பதிமூன்று வயதுப் பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டேன். அதற்கு அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். நீ பதிலில் இதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், படித்தாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர். உங்கள் எல்லோரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. குளிர் நாளில் இரும்பாலையில் பர்னஸ் உலைப் பக்கத்திலிருந்து வெளியே வரும்போது தலையை மூடிக்கொள், உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். மலைப்பூண்டு கொஞ்சம் பார்சலில் வருகிறது. மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது சூசை பள்ளிக்கூடம் போயிருந்தால், விடுகிற நேரத்துக்கு நீயே வாசலில் போய் நில். மார்க்கைக் கேட்காதே. இன்றைக்கு யாரோடு விளையாடினாய் என்று கேள். முதல் நாள் பதில் சொல்ல மாட்டான், பயந்துகொண்டு உன் முகத்தையே பார்ப்பான். பரவாயில்லை, மறுநாளும் போய் நில்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா