வீச்சை நிறுத்தச் சொன்ன குரல்

அன்புள்ள ராசாத்திக்கு,

அத்தைக்கு மூச்சுத் திணறல் குறைந்ததா? தூக்கத்தில் ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

எங்கள் அணுக்கரு இணைவு உலையை இனிமேல் மூட்ட முடியாது என்று முடிவாகிவிட்டது. 'காத்துக்கு இடுப்பு பிடிக்கிற உத்தியோகம்' என்று என் வேலையைக் கேலி செய்வாயே, வினை அதில்தான் வந்தது. கொதிக்கும் பிளாஸ்மாவை உருண்டையாக விட்டால் சூடு தங்காது. காந்தங்களால் மேலும் கீழும் இழுத்து, வெளிப்பக்கம் வயிறு தள்ளினாற்போல் பிடித்தால் நன்றாகத் தங்கும். ஆனால் இழுக்க இழுக்க அது நழுவி விழவும் பார்க்கும். கசிகிற சூடெல்லாம் அடித்தட்டு ஓடுகளில் மெல்லிய கோடாக இறங்கும். ஓடு உருகாமலிருக்க அந்தக் கோட்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்போம். அதற்குத்தான் வீச்சு என்று பெயர். அதனால் வடிவம் சற்றுக் குலையும், சூடும் கொஞ்சம் இறங்கும்.

அன்று பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருந்தார்கள். உலையை ஓட்டும் பொறுப்பிலிருந்த உன் தம்பிக்கு இதுவரை இல்லாத சூட்டைக் காட்டியாக வேண்டும். ஹெட்போனில், "வீச்சை நிறுத்துங்க, கொஞ்ச நேரந்தானே" என்றான். அதில் பேசுவது பதிவாவதில்லை. பொத்தானை அழுத்தியவள் நம் எதிர்வீட்டுக்காரி. பக்கத்து நாற்காலியில் நான். சூடு ஏறியதும் நானும் கைதட்டினேன், பாவி. தட்டி முடிப்பதற்குள் ஓடு உருகி உள்ளே தெறித்தது. பிளாஸ்மா குளிர்ந்து, பிடி விட்டு, அடியில் போய் மோதியது. தண்ணீர்க் குழாய் பிளந்து உள்ளெல்லாம் வெள்ளம்.

விசாரணையில் உன் தம்பி, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டான். பழி முழுக்க எதிர்வீட்டுக்காரி தலையில். வேலைக்கு வராதே என்று அவளை அனுப்பிவிட்டார்கள். காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து, "அண்ணா, உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல?" என்று மட்டும் கேட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் தம்பியும் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதான். "மாமா, காதுல விழலைன்னு சொன்னா போதும்" என்றான். போனில் நீயும் அதைத்தானே சொன்னாய். அவன் வேலை போனால் அத்தையின் வைத்தியம் நின்றுவிடும் என்றாய். எனக்குத் தெரியாதா? அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

நாளைக்கு என்னை விசாரிக்கிறார்கள். காதில் விழுந்தது என்றுதான் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மாறிவிடுவேன்.

அத்தைக்கு எதுவும் தெரிய வேண்டாம். வைத்தியத்துக்கு ஏதாவது வழி பார்க்கிறேன். அங்கே வந்ததும் உன் தம்பியைச் சில நாள் தனியாக விடாதே, அறைக் கதவைத் தாழ்போட விடாதே. என்னை வாய் வலிக்கத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன்னவன்