ரோமம் உள்பக்கமாக

மச்சான்,

யாரும் நம்பாத ஒரு கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதமுன் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, வால்தம்ஸ்டோவின் பஸ் நிறுத்தங்கள் அத்தனையும் சாட்சியாக வாக்குக் கொடுக்கிறேன்: இதில் ஒரு வரியைக்கூட எவரும் நம்பப்போவதில்லை. தப்பித்தவறி நம்புகிற ஒருவர் அகப்பட்டால், அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு.

உன் ஜாக்கெட் வந்திருக்கிறது. அதுதான் விஷயம். இன்று காலை உன் மகள் மதுரா சட்டனிலிருந்து காரில் கொண்டுவந்து, என் குசினிக் கதிரையில் போட்டுவிட்டுப் போனாள். வீட்டு மேல்தட்டை ஒதுக்கியபோது கிடைத்ததாம். வெளியே நாம் வேலை செய்த கோல்ட் ஸ்டோரில், அந்த உறைகுளிர்க் கிடங்கில், தந்த நீலத் துணி, உள்ளே நீ தைத்த சாம்பல் ரோமம். இத்தனை வருஷம் கழிந்தும் அதில் இரண்டு மணம் இருக்கிறது: ஒன்று உறைந்த மீன் பெட்டி, மற்றது யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் சென்ற். இரண்டும் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதற்குள் நான் மூன்று தரம் எழும்பி ஹீட்டிங்கைக் கூட்டிக் குறைத்துவிட்டேன்.

மதுரா ரோமத்தைத் தடவிப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, இதென்ன? அப்பாவின்ர வேலை ஜாக்கெட்டுக்குள்ள ஒரு லேடீஸ் கோட் இருக்கு."

"லேடீஸ் கோட் இல்லைப் பிள்ளை. மம்மத். நானும் கொப்பரும் சேர்ந்து அடிச்சது."

"மாமா."

"பெரிசில்லை. கண்டுக்குட்டிதான்."

"சண்டே ஸ்பீச்சுக்கு எழுதிறன் மாமா. ஒரு நாளைக்காவது நோர்மலா இருங்கோவன்."

வருகிற ஞாயிறு நீ கண்ணை மூடிய நாளின் ஆண்டு நினைவு. மோர்டனில் மண்டபம் எடுத்து, நூறு பேருக்குச் சாப்பாடும் சொல்லியாயிற்று. அவள் பேசப்போவதைப் போனில் எழுதி வைத்திருந்தாள். வாசித்தும் காட்டினாள். "அப்பா கொஞ்சம் கவலையீனமான ஆள். ஃப்ரீசருக்குள்ள கிளவுஸைக் கழட்டிப்போட்டு நிண்டு விரல் நுனியைத் துலைச்சவர். ஆனா எங்களை ஒருநாளும் துலைக்கேல்லை."

நல்ல பேச்சுத்தான். பெண்கள் அழுவார்கள். ஆனால் கவலையீனம் என்ற சொல் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சப்பாத்துக் கயிறைக்கூட இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற மனிதன் நீ. நான் என்ன செய்தேன் தெரியுமா? மம்மத் என்ற அந்தப் பனியுகச் சடையானையின் வாலைப் பிடித்துக்கொண்டு தேம்ஸ் நதியைக் கடந்த கதையைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன். கார் தெருமுனை திரும்பிய பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

அதனால் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்வது விசர் வேலைதான். சொல்லிப் பார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை.

லண்டனின் கடைசிப் பனியுகம் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த அந்த மார்கழியில் தொடங்கியது. சரித்திரக்காரர் வேறு கணக்குச் சொல்வார்கள், அவர்கள் கோல்ட் ஸ்டோரில் ஷிப்ட் செய்ததில்லை. சுவரில் மைனஸ் இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. நான் ஊருக்கு மைனஸ் இருநூறு என்று கடிதம் போட்டேன். என் நிழல் தரையோடு ஒட்டி, அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரவேண்டியிருந்தது என்றும் எழுதினேன். முதல் வாரம் நான் ஐந்து கம்பளி ஜம்பர் போட்டுக்கொண்டு, சூடேறட்டும் என்று பட்டாணிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே பருத்தி பெனியன் தெப்பமாய் நனைந்தது. பத்து நிமிஷம் நின்றால் அந்த ஈரமே முதுகில் கண்ணாடித் தகடாகிவிடும்.

நீ ஓடவில்லை. மூன்று நாள் பேசாமல் நடுங்கினாய். நாலாம் நாள் சொன்னாய்: "எங்களுக்கு முன்னமும் குளிருக்க இருந்த ஆக்கள் இருக்கினம். அவையிட்டைக் கேப்பம்."

நீ ஸ்கொட்லாந்துக்காரரைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ லைப்ரரிக்குப் போய்ப் பனியுக மனிதர் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, பஸ்ஸின் மேல்தட்டில் எனக்குத் தமிழில் வாசித்தாய். எலும்பைச் சீவி, நுனியில் துளையிட்டு ஊசி செய்தார்களாம். தோலைச் சும்மா போர்த்தால் இடுக்கால் காற்றுப் போகும். உடம்போடு பொருந்தத் தைத்தால் போகாது. அந்தச் சின்ன ஊசிதான் அவர்களைக் காப்பாற்றியது என்று நீ சொன்னபோது, உன் கண்ணில் தெரிந்த பக்தியை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. மரமே இல்லாத வெளிகளில் மம்மத் எலும்பை நட்டுத் தோல் போர்த்து வீடு கட்டினார்கள். எலும்பை உடைத்து உள்ளிருந்த கொழுப்பைத் தின்றார்கள். இல்ஃபோர்ட் பக்கம் நிலத்தைத் தோண்டியபோது மம்மத் எலும்பு வந்தது என்றும் சொன்னாய். அன்று முதல் இல்ஃபோர்ட் வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம் இருப்பதில்லை.

"அப்ப இந்த நாட்டுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில கடல் இல்லை," என்றாய். "அந்தக் கரையில இருந்து இங்க நடந்தே வந்தவை."

"விசா?"

"அதை மம்மத்திட்டைத்தான் கேக்க வேணும்."

நீ பகிடி விட்டது வாழ்க்கையில் நாலு தரம். அதில் இது ஒன்று.

அடுத்த சனிக்கிழமை பழைய உடுப்பு விற்கும் சரிற்றிக் கடையில் அந்தச் சீமாட்டியின் ரோமக் கோட்டை வாங்கி, வெட்டி, ஜாக்கெட்டுக்குள் ரோமம் உடம்புப் பக்கம் வரும்படி தைத்தாய். சென்ற் வாசத்தோடு வீட்டுக்குப் போன உன்னோடு உன் மனைவி மூன்று நாள் கதைக்கவில்லை. நான் சாட்சி சொல்ல வந்து நிலைமையை இன்னும் கெடுத்தேன். கன்ரீனில் எல்லோரும் உன்னைச் சீமாட்டி என்று கூப்பிட்டார்கள். நீ ரோமத்தைத் தடவிக்கொண்டு சொன்னது ஒன்றுதான்: "வேர்க்கப்படாது. வேர்த்தால் முடிஞ்சுது. மெல்லமாச் செய்." இரண்டு மாதத்தில் கன்ரீனில் பாதிப் பேர் கோட் தேடிச் சரிற்றிக் கடைகளில் திரிந்தார்கள். நான் மட்டும் ஐந்து ஜம்பரோடு ஓடிக்கொண்டிருந்தேன். வீரனல்லவா.

இப்போது ஐந்தாம் தரம் எழும்பி வந்து இருக்கிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறிவிட்டது. உன் விரல் போன அந்தக் கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

இதை நான் கலியாண வீடுகளில் சொல்லும் விதம் உனக்குத் தெரியும். பதினொரு நாள் உள்ளே அடைபட்டோம். ஆறாம் நாள் பட்டாணிப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து மம்மத் ஒன்று வந்தது. நீ அதோடு சமாதானம் பேசப் போனாய், அது உன் விரலைக் கடித்தது, நான் அதன் தந்தத்தை முறுக்கி விரட்டினேன். மதுராவுக்கு ஐந்து வயதில் இந்தக் கதையைத் தந்தவன் நான்தான். அவள் பள்ளிக்கூடத்தில் மம்மத்தின் பல்லைக் கீறிக் காட்டி ரீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் என்னால்தான்.

உண்மையில் அடைபட்டது நாற்பது நிமிஷம். பகல் பதினொரு மணி. மற்றவர்கள் எல்லோரும் வெளியே லொறியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அமத்தித் திறக்கிற பிடியின் மேல் ஐஸ் ஏறி இறுகியிருந்தது. அலாரச் சுவிச்சின் மேலும் அப்படியே. நாங்கள் கத்தியது கொம்பிரசர் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை.

நான் கதவைக் குத்தினேன், உதைத்தேன், ஓடினேன். வேர்த்தது. கிளவுஸ்கூட உள்ளே நனைந்துவிட்டது. பிறகு நடுக்கம் பிடித்தது. நீ என்னைப் பெட்டிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய், கார்ட்போர்ட் மட்டைகளை நிலத்தில் ஐந்தாறு தட்டு விரித்து, சுற்றிலும் பெட்டியடுக்கி, மேலே பிளாஸ்ரிக்கைப் போர்த்தி, தவழ்ந்து போகிற அளவுக்கு வாசல் விட்டாய். மம்மத் எலும்பு வீட்டைப் பிறகு ஒருநாள் மியூசியப் படத்தில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, நாம் அன்று எங்கே குடியிருந்தோம் என்று.

"பெனியனைக் கழட்டு."

"உனக்கென்ன விசரே? செத்துப்போவன்."

"அதோடதான் சாவாய். கழட்டு எண்டுறன்."

கழற்றினேன். உன் கம்பளி உள்சட்டையை எனக்குப் போட்டாய். அது காய்ந்திருந்தது. சீமாட்டியின் ஜாக்கெட்டையும் என் மேல் போட்டாய். உன் கிளவுஸை என் கையில் மாட்டினாய். என்னுடைய ஈரக் கிளவுஸை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு எறிந்தாய். பிறகு என் நனைந்த ஜம்பர்களில் ஆகக் குறைவாக நனைந்ததைப் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போனாய். இடுப்புப் பெல்ற்றின் கொளுக்கியை உளியாகப் பிடித்து, உறைந்த அறக்குளா மீன் ஒன்றைச் சுத்தியலாக்கி, பிடியின் மேலிருந்த ஐஸை மெல்ல மெல்லக் கொத்தினாய். வெறுங்கையில். ஓடாமல், கத்தாமல், வேர்க்காமல். கதவு திறந்தபோது உன் வலது சுட்டுவிரல் நுனி மெழுகுபோல் வெள்ளையாக இருந்தது. பிறகு அது கறுத்தது. ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டை எடுத்தார்கள்.

அறக்குளாவைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே சில நாள் சந்தேகம்.

விசாரணை வந்தது. நாங்கள் ஷிப்டுக்கு வந்தவுடன் அந்தப் பிடியையும் சுவிச்சையும் எங்களில் ஒருவர் முறைவைத்துப் பார்த்து, ஐஸ் இருந்தால் தட்டி, பலகையில் கையெழுத்து வைக்கவேண்டும். மேற்பார்வையாளர் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கமுன் நீ சொன்னாய், உன் உடைந்த இங்கிலீஷில், மிகவும் நிதானமாக: பிடி நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கிளவுஸ் இல்லாமல் நின்று கை விறைத்துப்போய் அமத்த முடியாமல் இருந்தேன் என்று. எழுதிக் கையெழுத்தும் வைத்தாய். எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாய். ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பாக்கிங் பக்கம் போட்டார்கள். உனக்கு வரவிருந்த சுப்பவைசர் இடமும் போயிற்று.

பஸ்ஸில் நான் கேட்டேன், ஏன் என்று. என் மனைவியும் பிள்ளைகளும் அப்போது இங்கே வர விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள்.

"உன்ர வேலை போனால் அவை வந்து சேர ஏலாது," என்றாய். "குளிர் முத்தின நேரம் அந்தப் பனியுக ஆக்கள் இந்த நாட்டை விட்டிட்டுப் போனவையாம். ஆயிரக்கணக்கான வருஷம் ஒருத்தரும் இல்லையாம். பிறகு திரும்பி வந்தவை. நான் பாக்கிங்குக்குத்தானே போறன்."

அதற்குப் பிறகு நீ அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நான் மம்மத்தைக் கொண்டுவந்தேன். மம்மத் நிற்கிற இடத்தில் கதவுப் பிடியைப் பற்றி யார் கேட்பார்கள்?

இன்று பின்னேரம் மதுராவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அந்த விரல். அது கொப்பரின்ர பிழையில்லை. என்ர பிழை."

சிரித்தாள், மச்சான். அன்பாகத்தான்.

"அப்பா சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"கடைசியா ஹொஸ்பிட்டல்ல இருக்கேக்க. 'மாமா ஒருநாள் வந்து அது தன்ர பிழையெண்டு சொல்லுவார், நம்பிப்போடாதை. எல்லாக் கதையிலயும் அவர்தான் பெரிய ஆள், பிழையிலயும் அவர்தான் பெரிய ஆளா இருக்க வேணும்' எண்டு."

"இது உண்மையடி பிள்ளை."

"மம்மத்தும் உண்மை எண்டனீங்கள். நான் யூனிவர்சிற்றி போகும் வரைக்கும்."

என்ன செய்ய? போகமுன் நான் உண்மை சொல்லக்கூடிய அந்தப் பக்கக் கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நல்ல கோபம், மைனஸ் இருநூறு. அந்தக் கவலையீனம் என்ற சொல்லை மட்டுமாவது வெட்டு என்று கெஞ்சினேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரி மாமா, அப்ப நீங்களே எழும்பிச் சொல்லுங்கோ. ரெண்டு நிமிஷம் தாறன். ஆனா நோ மம்மத்."

எழும்பத்தான் போகிறேன். ஒலிவாங்கியைப் பிடித்தவுடனேயே நூறு பேரும் சிரிப்பார்கள். கோழிக்கறி வாயில் இருக்கிறவர்கள் முதலில் விழுங்கிவிட்டுச் சிரிப்பார்கள். நான் சொல்லி முடித்ததும் கைதட்டுவார்கள், நல்ல பகிடி என்று முதுகில் தட்டுவார்கள். தட்டட்டும். நான் உட்காரப்போவதில்லை. சிரிப்பு அடங்கும்வரைக்கும் நின்றுவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து சொல்வேன். மெல்லமாய், வேர்க்காமல்.

பதினொரு நாள் பொய். தந்தத்தை முறுக்கியது பொய். நிழல் ஒட்டியது பாதிப் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை, மச்சான். அன்று காலை கதவுப் பிடியைப் பார்க்கிற முறை என்னுடையது. கன்ரீனில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நான், கதையை நிறுத்த மனமில்லாமல், போய்ப் பார்க்காமலே பலகையை இழுத்துக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கையில் ஐந்து விரலும் இன்னும் முழுசாக இருக்கின்றன.