மைனியின் டிராக்டரும் மூன்று கொக்கிகளும்

அன்புள்ள மைனி,

இன்றைக்குக் காலையிலிருந்து பட்டறை முழுக்கப் பெயிண்ட் கருகும் மணம். அதியன்னூரிலிருந்து ஒருவர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் மண் அள்ளும் புத்தம்புது லோடர் பக்கெட். அதில் கொக்கி வைக்க வேண்டுமாம். வெல்டிங் பிடிக்கும் இடத்தில் கிரைண்டரை வைத்ததும் அந்த மணம் எழும்பியது. கூடவே நீங்களும் என் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள். "எலே, பளபளன்னு இருக்கிய சாமானத்த இப்பிடி சொறண்டுதியே, உனக்கு மனசு வருதா?" அதோடு விட்டாரா அந்த அதியன்னூர்க்காரர்! மேல் விளிம்பில் மூன்று கொக்கி, நடுவில் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார். எனக்கு வந்த சிரிப்பில் கிரைண்டர் கைநழுவப் பார்த்தது.

நீங்களும் மூன்றுதான் கேட்டீர்கள். அண்ணன் உங்களை இங்கே விட்டுவிட்டு வளைகுடாவில் இருந்தான். வீட்டுக் காரியமும் வயல் காரியமும் உங்கள் கையில். டிராக்டர் வந்த வாரமே அதை என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "சங்கிலி மாட்டித் தூக்கணும் மக்கா, மண்ணு மட்டும் அள்ளவா இத வாங்கினேன்?" என்றீர்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று போதும், நடுவில் தகடு தாங்காது என்று நான் சொன்னேன். "ரெண்டு கண்ணு வச்சா மூக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நீங்கள் செங்கல் ஊரில் நின்று சிரித்தால் அடுத்த ஊரான பாறசாலையில் கேட்கும் என்று அண்ணன் சொல்வான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் பேச்சு எடுபட்டதே இல்லை. மூக்கையும் வைத்தேன்.

மறுநாளே புறம்போக்கில் சாய்ந்து கிடந்த ஆஞ்ஞிலி மரத்தின் தடியில் சங்கிலியைச் சுற்றி, நேராக நடுக்கொக்கியில் மாட்டினீர்கள். லீவரை இழுத்தீர்கள். தடி ஒரு முழம் எழும்பியது. பக்கெட்டின் உதடு அதைவிட அதிகமாகக் கீழே இறங்கியது! புதுப் பக்கெட் வாயைக் கோணிக்கொண்டு நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கிறது. எனக்கு முந்தி நீங்கள்தான் சிரித்தீர்கள். சுடவைத்து, ஜாக்கி கொடுத்து நிமிர்த்தினேன். என்றாலும் ஒரு சின்ன கோணல் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாதிப் பேர் உங்களிடம் சுகம் விசாரிக்காமல் பக்கெட்டின் சுகத்தை விசாரித்தார்கள்.

ஓணம் நெருங்கியது. கீழே ஏலா வயலில் நீங்கள் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் போட்டிருந்த ஏத்தன் வாழை அத்தனையும் விளைந்து நின்றது. வருஷம் முழுக்க நீங்கள் பட்ட பாடு அந்தக் குலைகளில்தான் தொங்கியது. ஓணத்துக்கு முந்தின நாள் உத்திராடச் சந்தைக்கு முன்னால் அது கரையேறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த நேரம் பார்த்து மழை! வாய்க்கால் நிரம்பி வாழை மூட்டில் தண்ணீர் ஏறியது. வரம்பு வழுக்கியது, தலைச்சுமைக்குப் போதிய ஆள் இல்லை. இருந்த ஒரே வழி ரோட்டிலிருந்து கீழே இறங்கும் அந்த ஒடுங்கிய இடவழி. இரண்டு பக்கமும் கல்கட்டு, நடுவில் ஒரு வளைவு, கீழே போனால் வண்டி திருப்ப இடம் கிடையாது. ட்ரெய்லரைப் பின்னால் மாட்டி ரிவர்சில் இறக்கிப் பார்த்தீர்கள். அது வளைவில் குறுக்கே மடங்கி, அடுத்த வீட்டுக் கல்கட்டை இடித்துக்கொண்டு நின்றது. குலை சுமக்க வந்திருந்த நெய்யாற்றின்கரைக்காரர் கையைக் கழுவியே விட்டார். "இது நடக்கில்லா சேச்சி."

நீங்கள் டிராக்டரை நேரே என் பட்டறைக்கு ஓட்டி வந்தீர்கள். கீழே இறங்கக்கூட இல்லை.

"மக்கா, ட்ரெய்லர பின்னால கட்டுனா எனக்குக் காணாது. முன்னால பக்கெட்டுல மாட்டித் தா. கண்ணால பாத்துப் பாத்துத் தள்ளி எறக்குவேன். ஏத்தும்ப ரிவர்சுல இழுத்துட்டு வாறேன்."

"மைனி, பக்கெட்டுலயா? ஆஞ்ஞிலித் தடிய மறந்தாச்சா?"

"அதுனாலதான் உன்கிட்ட வந்தேன். ஒருக்கா வளைஞ்சத பாத்தவனுக்குத்தானே எங்க வளையும்னு தெரியும்!"

அந்த நிமிஷம் எனக்குள் ஏறிய ஆவேசம் இருக்கிறதே! சேனல் இரும்பை வெட்டி, பக்கெட்டின் அடியில் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரைக்கும் ஓட்டினேன். அதன் மேல்தான் நடுவில் துளையிட்ட கனத்த பட்டையை வெல்டிங் பிடித்தேன். ட்ரெய்லரின் மூக்கு அதில் உட்கார, மேலிருந்து ஒரு இரும்பு முளை இறங்கும். பாரம் முழுக்கத் தகட்டில் நிற்காமல் இரண்டு சுவருக்கும் போய்விடும். முன்னால் கனம் ஏறினால் பின்சக்கரம் வழுக்குமே என்று, பின்னால் கலப்பையை மாட்டி அதன் மேல் வேலிக்கல்லைக் கட்டினோம். மழை தகரத்தில் கொட்டியது, நீங்கள் குடை பிடித்தீர்கள், குடையில் தீப்பொறி பட்டு ஓட்டையும் விழுந்தது.

காலி ட்ரெய்லர் உங்கள் கண் முன்னால் இடவழியில் இறங்கிய அழகு! வளைவில் அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம், கல்கட்டில் தொடவே இல்லை. கையைக் கழுவியவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் குலையைச் சுமக்க ஓடினார். வைக்கோல் விரித்துக் குலைகளை அடுக்கினோம்.

ஏற்றத்தில்தான் என் உயிர் போய் வந்தது. நீங்கள் ரிவர்சில் ஏறுகிறீர்கள். முழுப் பாரமும் என் வெல்டிங்கைப் பிடித்துத் தொங்குகிறது. விட்டால் ட்ரெய்லர் திரும்ப ஏலாவுக்குத்தான். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கருங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நடக்கிறேன். "பைய மைனி, பைய!" வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம். என் கால் நின்றுவிட்டது. பக்கெட்டுக்குள் போட்டிருந்த சங்கிலிதான் சரிந்திருக்கிறது. நீங்களோ சிரித்த சிரிப்பில் ஏலாவில் நின்றவர்களும் சிரித்தார்கள். எத்தனை தைரியம் இந்த மனுஷிக்கு என்று எனக்கு எரிச்சலே வந்தது.

ரோட்டுக்கு ஏறியதும் எல்லாரும் கூவினார்கள். குலை ஒன்றுகூட நசுங்கவில்லை. பட்டை இருந்த இடத்தில் மயிரிழை கூட அசையவில்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தீர்கள். உங்கள் கை வெடவெடவென்று ஆடியது.

"பயந்தே போனேன் ஆக்கும் மக்கா."

"பிறகு என்னத்துக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சிய?"

"பயம் வந்தா எனக்குச் சிரிப்புதான் வரும். சின்னப் பிள்ளையிலேயே அப்பிடித்தான். ஒருத்தரிட்டயும் சொல்லிராத, கேட்டியா?"

சொல்லவில்லை மைனி. அண்ணனிடம் கூடச் சொல்லவில்லை. உத்திராடச் சந்தையில் உங்கள் குலைகளைச் சுற்றிக் கூட்டம் நின்றபோதும், பிறகு வந்த ஓணங்களில் ஏலாக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் ட்ரெய்லருக்குக் காத்து நின்றபோதும், உங்களைத் தைரியசாலி என்று சொன்னவர்களிடம் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் நீங்கள் நர்சுகளைக் கேலி செய்து வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தீர்கள். என்ன மனத்திடம் என்று வாசலில் நின்ற எல்லாரும் வியந்தார்கள், ஊருக்கு வந்திருந்த அண்ணன் உட்பட. நான் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து உங்கள் கையைப் பிடித்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. கதவு வரைக்கும் விடாமல் கூடவே நடந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது மைனி. கல்யாண வீடோ, சந்தையோ, யாராவது ஒருவர் ஊருக்கே கேட்கும்படி சிரித்தால், நான் மெல்லப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.