உன் பேட்ச்சை எடுத்துவிட்டேன்

கோமதி அக்கா, என் பிரியமே,

நீ போய் அடுத்த மாதம் ஒரு வருஷம். எலிக்காய்ச்சல் என்று யாராவது பேச்செடுத்தால் இன்னும் நான் எழுந்து போய்விடுகிறேன். ஆபீஸில் உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சில நாள் நான் மட்டும் என் பையை வைக்கிறேன். கோபித்துக்கொள்வாயா?

வித்துரா ஆற்றங்கரையில் நீர்மட்டம் அளக்கும் நம் பெட்டிக்காக, நாம் இருவரும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான கர்னலைச் சுருக்கிய நாட்களை நினைத்துக்கொள்கிறேன். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அணைப்பாய். "மழையில நிக்குற பெட்டிக்கு பாட்டு எதுக்குடி?" என்று நீ சவுண்டை எடுத்தபோது நான் சிரித்த சிரிப்பில், டீம் லீட் பிந்து சேச்சியே திரும்பிப் பார்த்தார்.

நீர்மட்ட சென்சாரின் அளவைப் படிக்கும் நிரலான டிரைவர் அப்போது கர்னலில் கிடையாது. நீ எழுதியதைத்தான் பேட்ச்சாக, துணியில் ஒட்டுப்போடுவது போல, கர்னலில் சேர்த்தோம். கோப்புக்கு உன் பெயரையே வைத்தாய். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பில்ட் ஓடும்போதெல்லாம் திரையில் ஒரு வரியில் நீ வந்து போவாய்.

இந்த வருஷம் புதிய கர்னலுக்கு மாறினோம். அதில் அந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. உன்னுடையதை நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, அக்கா. புதியதோடு சேராமல் அடம்பிடித்ததைக்கூட நானே திருத்திச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆபீஸ் மேஜையில் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. வித்துராவில் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரே சென்சாரை இரண்டு டிரைவர்களும் பிடிக்கப் பார்த்தன. புதிய கர்னலோடு முழுதாக ஒத்துப்போகாத உன்னுடையது முந்திக்கொண்டால், ஆறு பெருகினாலும் அளவு பூஜ்யம்தான்.

பழி, பெட்டியைப் பொருத்தும் மணி அண்ணன் மேல் விழுந்தது. நாகர்கோவில்காரர், உனக்குத் தெரியுமே. மூன்றாம் முறையாக வித்துரா போய் நனைந்து வந்தவர், "ஏ பிள்ளே, வயரை எல்லாம் மாத்தியாச்சு. இனி நான் ஆத்துல எறங்கி நின்னு கழுத்தளவு, இடுப்பளவுன்னு போன் போட்டாத்தான் உண்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் பெட்டியின் பதிவுகளைப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். பிளான் தப்பானாலும் திட்டு கொத்தனாருக்குத்தான் என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். இருந்தும் இரண்டு நாள் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் பிந்து சேச்சி, "இனி மணி வேண்டா, வேற ஆளை நோக்காம்" என்று வேறு ஆளைத் தேடச் சொன்னார். எனக்காகப் பேச நீ பக்கத்தில் இல்லை.

"வயர் இல்ல சேச்சி. நான்தான். கோமதியோட பேட்ச்சை எடுக்காம வச்சிருந்தேன்."

"எந்தினா? எதுக்கு?"

"பில்ட் ஓடும்போ அவ பேர் வரும். அதுக்கு."

சேச்சி மெதுவாக, "மணியை ஞான் போனில் விளிச்சு ஸாரி சொல்லாம். பேட்ச்சை நீதன்னே எடுக்கணும், கேட்டோ" என்றார்.

எடுத்தேன். ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டுமே. 'தேவையில்லை' என்று அடித்தேன், அழித்தேன். 'கோமதி செய்த வேலையை இப்போது கர்னலே செய்கிறது' என்று எழுதினேன். சரிதானே?

அடுத்த தடவை வித்துராவுக்கு மணி அண்ணனோடு நானும் போகிறேன். ஆற்றங்கரையில் நின்று, கரண்டைப் பலமுறை நிறுத்திப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அளவு சரியாக வருவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் திரும்புவேன்.

இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காத உன் தங்கை,
முத்துலட்சுமி
கரமனை